ஒரு ராத்திரிக்கு இடம், ஒரு வேளைக்குச் சோறு

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஒரகடம் கூட்ரோடு அருகே குழு மெஸ் நடத்தும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெளியூர் போனால் குறைந்த செலவில் எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது என்று பத்து நிமிஷம் பேசுங்க" என்று நம் செயலாளர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அதிகம் ஊர் சுற்றியவள் இல்லை. திருப்பதி ஒரு முறை, பழனி இரண்டு முறை, குழு வேலையாகச் சென்னை பல முறை. அவ்வளவுதான். ஆனால் பதினோரு வருஷமாக எங்கள் குழு மெஸ்ஸில் நிற்கிறேன். நான் ஊருக்குப் போகாவிட்டாலும் ஊரெல்லாம் என்னிடம் வருகிறது. சர்டிபிகேட் பையோடு இன்டர்வியூவுக்கு வரும் பையன், ஒடிசாவிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஆள், லோடு இறக்கக் காத்துக்கிடக்கும் லாரி டிரைவர், ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணைப் பார்க்க வரும் அம்மா. இவங்க எல்லாரும் கேட்பது இரண்டே கேள்வி. "சாப்பாடு எவ்வளவுக்கா?" "இங்க பக்கத்துல தங்க இடம் கிடைக்குமா?"

முதல் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு ரொம்ப நாள் பதில் இல்லை. அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

2022-ஆம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு சனிக்கிழமை. ராத்திரி ஒன்பதரை இருக்கும். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்து, பாத்திரம் கழுவி, ஷட்டர் இறக்கும் நேரம். ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா வந்து நின்றாங்க. கையில் ஒயர் கூடை. கள்ளக்குறிச்சி பக்கத்துக் கிராமம். காலையிலேயே கிளம்பி, பஸ் கிடைக்காமல், மழையில் நின்று, சிங்கபெருமாள்கோயிலில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வந்து சேர்ந்ததே எட்டு மணிக்கு மேல். ஹாஸ்டலுக்குப் போனால் வாட்ச்மேன், "நாளைக்குப் பத்து மணிக்கு மேலதான் பார்க்கலாம், ராத்திரி யாரையும் உள்ளே விடக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பெண் அன்றைக்கு நைட் ஷிப்ட். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லை.

"பக்கத்துல தங்க எங்கயாவது இடம் இருக்குமாம்மா?" என்று கேட்டாங்க.

"தெரியாதும்மா, லாட்ஜுல கேட்டுப் பாருங்க" என்று கையைக் காட்டிவிட்டு ஷட்டரை இறக்கினேன். லாட்ஜில் அப்போது ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் அது இருக்காது என்றும் தெரியும். நாள் முழுக்க நின்ற கால் வலி, வீட்டுக்குப் போகணும் என்ற அவசரம். போய்விட்டேன்.

காலையில் ஐந்தரைக்குக் கடை திறக்க வந்தால், பஸ் ஸ்டாப்பில் அதே அம்மா. கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காங்க. புடவைத் தலைப்பு நனைந்திருக்கிறது. ராத்திரி இரண்டு தடவை பைக்கில் எவனோ வந்து பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனானாம். ஆட்டோ ஸ்டாண்டு தம்பி ஒருவர்தான், "அம்மா, லைட்டு எரியற இடமா வந்து உட்காருங்க" என்று சொல்லி, இரண்டு மணி வரைக்கும் தன் ஆட்டோவை அங்கேயே போட்டுக் காவல் இருந்தாராம். நான் டீ கொடுத்தேன். "எவ்வளவும்மா?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாங்க. வாங்க என்னால் முடியவில்லை. ராத்திரி ஷட்டர் இறக்கியது நான்தான் என்று அவங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் கிடந்தது.

அக்கா தங்கச்சிகளே, நம்ம ஊர் எப்படி ஆயிற்று என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கல்யாணம் ஆகி வந்த காலத்தில் இந்தப் பக்கம் ஏரியும் வயலும்தான். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர், பெருமாள் கோயில். அதன் பிறகு ராஜீவ் காந்தி நினைவிடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் கம்பெனி 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. அங்கே வேலை பார்த்த பெண்கள் கண்ணீரோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனதை நம்மில் பலபேர் பார்த்தோம். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், அதன் பிறகு பாரத் பென்ஸ், ராயல் என்ஃபீல்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் கம்பெனிகள். இன்றைக்குத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.

பெரிய இன்ஜினியர்களுக்கு ஹோட்டல் வந்தது. கொரியாக்காரர்களுக்குக் கொரிய எழுத்தில் போர்டு மாட்டிய சாப்பாட்டுக் கடை வந்தது, கெஸ்ட் ஹவுஸ் வந்தது. கையில் 300 ரூபாயோடு வருகிறவருக்கு ஒன்றும் வரவில்லை. மிஞ்சிப்போனால் நம்ம லைன் வீடுகள்தான். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், எட்டு பேர். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. ஒரு பாத்ரூமுக்கு இருபது பேர். இதை நான் யாரையோ குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அந்த லைன் வீட்டுக்காரர்கள் இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நானும் ஒருத்தி. வயல் போன பிறகு அந்த வாடகைதான் நம் வீட்டு அடுப்பை எரியவைத்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் நம் பெண் திருப்பூரிலோ ஓசூரிலோ அப்படி ஓர் அறையில் இருந்தால் நமக்குத் தூக்கம் வருமா?

2021 டிசம்பர் மாதம் நினைவிருக்கிறதா? சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த பெண்கள், தங்கியிருந்த விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய், வாந்தியும் பேதியுமாக விழுந்தார்கள். 159 பெண்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூட வேலை செய்த சில பெண்களைக் காணோம், செத்துப்போய்விட்டார்கள் என்று வதந்தி பரவியது. ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். நல்ல சோறும் படுக்க நல்ல இடமும் வேண்டும் என்று நடு ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது.

அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைக் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி முதலமைச்சர் திறந்து வைத்தார். வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசின் 'தோழி' விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி, சேலம், வேலூர், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் இருக்கின்றன. நம் பெண்கள் வெளியூரில் வேலைக்குப் போனால் முதலில் அங்கே இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இதெல்லாம் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு. ஒரே ஒரு ராத்திரிக்கு இடம் கேட்டு வரும் அந்தக் கள்ளக்குறிச்சி அம்மாவுக்கு?

அடுத்த குழுக் கூட்டத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். ஷட்டர் இறக்கியதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எங்கள் ஊக்குநர் அக்கா, "நம்ம பன்னிரண்டு பேர் வீட்லயும் ஒரு பாய் போட இடம் இல்லையா?" என்று கேட்டாங்க. தீர்மான நோட்டில் எழுதினோம்.

என்ன எழுதினோம் என்றால், நாங்கள் விடுதி நடத்தவில்லை. அதில் தெளிவாக இருந்தோம். பெண்கள் விடுதி நடத்துவதென்றால் 2014-ஆம் வருஷச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். போர்டு மாட்டி, கட்டில் போட்டு, சத்தமில்லாமல் நடத்தினால் நாளைக்கு ஒரு அசம்பாவிதம் நடந்தால் நாம்தான் பதில் சொல்லணும். நாங்கள் எழுதியது இவ்வளவுதான். மகளைப் பார்க்க வரும் தாய், இன்டர்வியூவுக்கு வரும் பெண், இவங்க மட்டும். ஒரு வீட்டில் அதிகம் போனால் இரண்டு பேர். ஒரு ராத்திரி, தவறினால் இரண்டு. மகளிடமோ வீட்டாரிடமோ போனில் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். யார் வீட்டில் தங்கினாலும் மெஸ் நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர் எழுத வேண்டும். காலையில் இட்லிக்கும் டீக்கும் உண்டானதை மெஸ்ஸில் கொடுத்தால் போதும், படுத்த இடத்துக்குக் காசு கிடையாது. இதை ஊராட்சித் தலைவரிடமும், ஸ்டேஷனிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர், "யாரோ எவரோ, நகையைத் தூக்கிட்டுப் போனா யாரு பொறுப்பு?" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் நோட்டு, போன் நம்பர் எல்லாம். இன்னொருத்தி, யாருக்கும் தெரியாமல் ஒரு அம்மாவிடம் 300 ரூபாய் வாங்கிவிட்டாள். கூட்டத்தில் கேட்டபோது, "கரண்டு பில்லு யாரு கட்டறது?" என்றாள். பேசிப் பேசி, விருப்பப்பட்டவர்கள் 50 ரூபாய் வரை கொடுக்கலாம், அதுவும் மெஸ்ஸில்தான் கொடுக்கணும் என்று மாற்றினோம். அவள் 300 ரூபாயைத் திருப்பி அனுப்பினாள். இன்றைக்கும் எங்கள் குழுவில்தான் இருக்கிறாள், நன்றாக வேலை செய்கிறாள்.

மூன்றாவது விஷயம்தான் பெரியது. ஒரு வீட்டு வாசலில், தங்க வந்த பெண்ணிடம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டார்கள். உறுப்பினர் கேட்கவில்லை, அவருடைய மாமியார் கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை. அந்த வாரம் தீர்மான நோட்டில் இன்னொரு வரி சேர்த்தோம்: "எந்த ஊர் என்று கேட்கலாம். என்ன ஆளுங்க என்று கேட்கக் கூடாது. கேட்கிற வீடு பட்டியலில் இருக்காது." இரண்டு வீடுகள் பட்டியலை விட்டுப் போயின. போகட்டும். குழுவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சந்தாப் பணத்தை எண்ணுகிறோம். வீட்டு வாசலில் மட்டும் அந்தக் கேள்வி எதற்கு?

இதுவரை எங்கள் நோட்டில் 63 பெயர்கள். ஒரு பொருள் காணாமல் போனதில்லை. ஒரே ஒரு முறை ஒரு சொம்பு காணோம் என்று தேடினோம். அடுத்த நாள் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். "அக்கா, வெளியே எல்லாம் மீல்ஸ் நூறைத் தாண்டிப் போச்சு, நீங்க எப்படி 60 ரூபாய்க்குப் போடறீங்க?" என்று கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. கணக்குத்தான். நம் உறுப்பினர்கள் கடை வைக்க ஆசைப்பட்டால் உதவும் என்று சொல்கிறேன்.

மதியம் 60 பேர் சாப்பிடுகிறார்கள். அரிசி 12 கிலோ, 600 ரூபாய். பருப்பு ஒன்றரை கிலோ, 225. காய்கறி 250. எண்ணெய், புளி, மிளகாய், மளிகை 220. மோருக்கு 120. கேஸ் 300. இலை, தண்ணீர் கேன் 150. ஆக 1,865. மூன்று பேர் வேலை செய்கிறோம், ஆளுக்கு 350 கூலி, 1,050. இந்தக் கூலியைக் கணக்கில் எழுதாமல் விடுவதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. "நம்ம வேலைதானே" என்று விட்டுவிட்டு, லாபம் வருது லாபம் வருது என்று சொல்லிக்கொண்டே ஓடாய்த் தேய்ந்துபோவோம். கடை வாடகைக்கு நாள் ஒன்றுக்கு 200, வங்கிக் கடன் தவணைக்கு 200. மொத்தம் 3,315. அறுபது சாப்பாடு, அறுபது ரூபாய், 3,600 வருகிறது. மீதி 285. இதையே 50 ரூபாய்க்குப் போட்டால் 315 ரூபாய் கைநஷ்டம். 80 ரூபாய்க்குப் போட்டால் கான்ட்ராக்ட் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, டீயும் பன்னும் சாப்பிட்டு ஷிப்ட் போவார்கள். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் 60.

விலையைப் பெரிய எழுத்தில் வாசலில் எழுதிப் போட்டோம். தமிழிலும், வடக்கத்திப் பிள்ளைகளுக்காக இந்தியிலும். போர்டு போட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது. அதுவரை நிறைய பேர் விலை கேட்கக் கூச்சப்பட்டே உள்ளே வராமல் போயிருக்கிறார்கள்.

கடை வைப்பவர்களுக்கு இன்னொன்று. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். நாங்கள் ஆரம்பித்தபோது வருஷ விற்பனை 12 லட்சம் வரைக்கும் பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். விற்பனை கூடிய பிறகு லைசன்ஸ் எடுத்தோம். பதினாலு இலக்க நம்பர் கொடுப்பார்கள். அதை வாசலில் மாட்டுங்கள். 2021-ல் நடந்தது நம் கடையில் நடக்கக் கூடாது. மதியம் வடித்த சோறு ராத்திரி மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், மறுநாளுக்கு வைக்கவும் வேண்டாம். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒரு முறை கழுவுங்கள். கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கட்டும்.

இனி, நாம் வெளியூர் போகும்போது. வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் 'மதி' கண்காட்சிக்கு நம் பொருளை எடுத்துக்கொண்டு போகிறோம், பயிற்சிக்குப் போகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாப்பாடு. உட்காருவதற்கு முன் விலை கேளுங்கள். கேட்பது கேவலம் இல்லை. நெடுந்தூர பஸ் ராத்திரியில் நிறுத்தும் மோட்டலில் தோசை விலையைக் கேட்டால் தூக்கிவாரிப் போடும். வீட்டிலிருந்து புளிசோறும் வறுத்த கடலையும் கட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள் தாங்கும். வேலை செய்கிற ஆட்கள், டிரைவர்கள் கூட்டமாகச் சாப்பிடும் கடையில் சாப்பாடு சீக்கிரம் தீரும், அதனால் பழசு இருக்காது. கையேந்தி பவனில் சாப்பிட்டால் கண் முன்னால் சுடும் இட்லி, தோசை சாப்பிடுங்கள். வெளியே திறந்து வைத்த சட்னியைத் தவிருங்கள்.

மாநகராட்சி, நகராட்சி இருக்கும் ஊர் என்றால் அம்மா உணவகம் எங்கே என்று கேளுங்கள். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைத்தார்கள். அங்கே சமைத்துப் பரிமாறுவது யார் தெரியுமா? நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். ஐந்து ரூபாய்ச் சோறுதானே என்று கூச்சப்பட வேண்டாம். நம்ம ஆளு சமைத்த சோறு அது. கோயில்களில் 2002-லிருந்து அன்னதானத் திட்டம் இருக்கிறது. பல கோயில்களில் மதியம் மட்டும். ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் 2012-லிருந்து நாள் முழுக்க நடக்கிறது.

பஸ் செலவு. சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து நமக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பஸ் ஏறும்போதே, இது சாதாரண பஸ்ஸா என்று பார்த்து ஏறுங்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. சொந்தக்காரர்கள் யாராவது நம் ஊருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து இறங்குவதாக இருந்தால், "கிளாம்பாக்கத்துலயே வெளிச்சமா ஜனங்க இருக்கிற இடத்துல உட்காருங்க, விடிஞ்ச பிறகு வண்டலூர் வந்து ஒரகடம் பஸ் ஏறுங்க" என்று சொல்லுங்கள். இருட்டில் கூட்ரோட்டில் வந்து நிற்க வேண்டாம்.

தங்க இடம். ரயிலில் போகிறீர்களா? எழும்பூர், சென்ட்ரல் மாதிரி பெரிய ஸ்டேஷன்களில் தங்கும் அறையும் டார்மிட்டரியும் உண்டு. கையில் ரயில் டிக்கெட் இருந்தால் முன்பதிவு செய்யலாம். பிள்ளைகளிடம் சொன்னால் போனிலேயே போட்டுக் கொடுப்பார்கள். கோயில் ஊர்களில் தேவஸ்தான விடுதியை முதலில் கேளுங்கள். தனியார் லாட்ஜ் என்றால், பணம் கொடுக்கும் முன் அறையைப் பாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ஜன்னல் மூடுகிறதா, பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா? எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணிக்குக் காலி செய்யணும்? ரசீது வாங்குங்கள். ஆதார் ஜெராக்ஸ் கொடுங்கள், அசலை விட்டுவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் மேலேயே தேதியும் எதற்காகக் கொடுத்தது என்பதும் எழுதிக் கொடுங்கள். எங்கே தங்குகிறோம் என்று குழுவில் ஒருத்தருக்காவது போன் செய்யுங்கள். ஏதாவது ஆபத்து, போக்கிடம் இல்லை என்றால் 181. பெண்களுக்கான உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். "ஹாஸ்டல் அட்வான்ஸ்" என்று பஸ் ஸ்டாப்பிலேயே பணம் கேட்கும் ஏஜென்டுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அழுதுகொண்டே என் மெஸ்ஸுக்கு வந்த பிள்ளைகள் நிறைய பேர்.

கடைசியாக என் வேண்டுகோள். நம் கூட்டமைப்பில் இத்தனை குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு, நாலு வீடு, ஒரு போன் நம்பர். அந்த நம்பரைப் பெண்கள் ஹாஸ்டல் வாட்ச்மேனிடமும், ஆட்டோ ஸ்டாண்டிலும், டீக்கடையிலும் எழுதி ஒட்டினால் போதும். எங்கள் கூட்ரோட்டில் அந்த நம்பரை முதலில் ஒட்டியது, அன்றைக்கு ராத்திரி காவல் இருந்த அதே ஆட்டோத் தம்பிதான். லைன் வீடு வைத்திருப்பவர்கள், அறைக்கு எத்தனை பேர் என்று ஓர் அளவு வையுங்கள், பாத்ரூம் இன்னொன்று கட்டுங்கள். அதற்குக் குழுவில் கடன் கேட்டால் முதலில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தக் கள்ளக்குறிச்சி அம்மா போன பொங்கலுக்கு முன்னால் மறுபடி வந்தாங்க. இந்த முறை அவங்க பெண்ணே போன் செய்து, "அக்கா, அம்மா வர்றாங்க, உங்க நோட்ல எழுதிக்கோங்க" என்றாள். என் வீட்டில்தான் தங்கினாங்க. ஒயர் கூடையிலிருந்து ஒரு பை மல்லாட்டை எடுத்துக் கொடுத்தாங்க. அதாங்க, நாம வேர்க்கடலை என்று சொல்வோமே, அது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு, மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு மழையில ஷட்டரை இறக்கிட்டுப் போனது நான்தான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியும் கண்ணு. காலைல டீ குடுக்கும்போதே உன் குரல் தெரிஞ்சுது" என்றாங்க. வேறு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாங்க.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வெளியே எங்கள் குழு ஸ்டாலில் வேர்க்கடலை உருண்டை இருக்கிறது. விலை எழுதிப் போட்டிருக்கிறோம்.